நிழலுக்கு வயது ஐம்பத்தெட்டு

செவலூரணியில் மனிதர்களின் நிழல்கள் சூரியன் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டு அவரவர் உடம்பின் பேச்சைக் கேட்கத் தொடங்கியது ஒரு சித்திரை மாதத்துப் புதன்கிழமை. இடி விழுந்து மூன்று நாள் ஊமையாகக் கிடந்த மில் சங்கு நான்காம் நாள் காலை ஏழு மணிக்குத் திரும்ப ஊதிய நேரம் அது. முதல் ஷிப்டுக்கு உள்ளே போக வரிசையில் நின்ற ராமுத்தாய்தான் அதை முதலில் பார்த்தாள் என்று ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள், கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் பெத்துராஜ்தான் என்று மீதிப் பேர் சொல்வார்கள், ராமுத்தாயையே கேட்டால் "யாரு பாத்தா என்ன, நெழலு ஒண்ணும் ஊரவிட்டு ஓடிப்போகலையே" என்பாள்.

மரம், கரண்டுக் கம்பம், சைக்கிள், ஆடு, மாடு எல்லாவற்றின் நிழல்களும் ஒழுங்கு மரியாதையாக மேற்கே நீண்டிருந்தன. மனிதர்களுடையதுதான் ஆளுக்கொரு பக்கம். விடிய மூன்று மணிக்கெல்லாம் எழுந்து பால் கறக்கப் போகும் சங்கிலிக்கு ஏழு மணிக்கே உச்சிவெயில் நிழல், அது அவன் காலடியில் நாய்க்குட்டி மாதிரிச் சுருண்டு கிடந்தது. பள்ளிக்கூடத்தில் ஒன்பது மணிக்கு மணியடித்துப் பிரேயர் முடிந்த பிறகும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவருக்கும் நிழலே விழவில்லை, ஏனென்றால் அவர்கள் உடம்புக்கு இன்னும் விடியவே இல்லை. பிள்ளையார் கோயில் பூசாரிக்கு மட்டும் நிழல் சூரியனோடு ஒட்டி நூல் பிடித்த மாதிரி விழுந்தது, அவர் அதற்காக ஒரு வாரம் தலைக்கனத்தோடு திரிந்தார்.

ஊருக்கு இது பழகிப்போக ஒன்பது நாள் ஆயிற்று. தலைமையாசிரியர் முதல் பீரியடில் இருந்த கணக்கை மூன்றாம் பீரியடுக்குத் தள்ளினார், காரணம் கேட்ட பெற்றோரிடம் "நிழல் வந்த பிறகு கணக்கு வரும்" என்றார். கல்யாணத் தரகர் ஜாதகப் பையோடு ஒரு குடையும் எடுத்துக்கொண்டு போய், மாப்பிள்ளையையும் பெண்ணையும் முற்றத்து வெயிலில் நிறுத்தி, ரெண்டு நிழலும் ஒரே பக்கம் விழுந்தால் குடையை விரித்துவிட்டுத் தட்டை மாற்றச் சொன்னார். பெத்துராஜ் வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தான், மேற்கே நீண்டு வருகிற நிழலுக்கு ஸ்ட்ராங்காக ஒரு டீ, கிழக்கே சாய்ந்து வருகிற நிழலுக்கு "உனக்குச் சாயங்காலம் ஆயிருச்சுப்பா, இப்பக் குடிச்சா தூங்க மாட்ட" என்று அரை கிளாஸ். காரணம் தேடி யாரும் மெனக்கெடவில்லை. சங்கு மூன்று நாள் ஊதாததில் உடம்புகள் தங்கள் சொந்த நேரத்தைக் கண்டுபிடித்துக்கொண்டன என்று ஒரு பேச்சு இருந்தது, அதோடு சரி.

ராமுத்தாய்க்கு முதல் நாள் இது வேடிக்கையாகத்தான் இருந்தது, தன் புருஷன் கேட்டை விட்டு வெளியே வருகிற வரைக்கும்.

குருவையா நூல் நூற்கிற ரிங் பிரேம் செக்சனில் பதினோரு வருஷமாக முழு நைட். ராத்திரி பதினோரு மணிக்கு உள்ளே போனால் காலை ஏழு மணிக்கு வெளியே. அவள் நூலைக் கோனில் சுற்றுகிற வைண்டிங் செக்சனில் பகல் ஷிப்ட், காலை ஏழு மணிக்கு உள்ளே. தினமும் அந்த ஒரு சங்கு ஊதுகிற நேரத்தில் கேட்டில் அவர்கள் எதிரெதிரே வருவார்கள், வீட்டுச் சாவி அவள் கையிலிருந்து அவன் கைக்கு மாறும், கழுவிய சாப்பாட்டுக் கேரியர் அவன் கையில் ஆடும், "இட்லி மூடி வச்சிருக்கேன்" என்று அவள் சொல்வாள், "ம்" என்று அவன் சொல்வான். சாவியை வாங்கும்போது அது சூடாக இருக்கும், அவள் அதை இறுக்கிப் பிடித்திருப்பாள். அந்தப் பதினோரு வருஷமும் குடித்தனத்தின் பெரும்பகுதி அந்தச் சூட்டில்தான் நடந்தது.

அந்தப் புதன்கிழமை சாவி கை மாறியபோது அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். குருவையாவின் நிழல் மடிந்து கிடந்தது. காலிலிருந்து இடுப்பு வரைக்கும் சாயங்கால நிழலாகக் கிழக்கே போய், இடுப்பில் திரும்பி, அங்கிருந்து தலை வரைக்கும் காலை நிழலாக மேற்கே வந்து, கொடியில் போட்ட வேட்டி மாதிரி ரெண்டாக மடிந்திருந்தது. அவன் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தால் நிழல் உடனே எழவில்லை. முழங்காலைப் பிடித்து, இடுப்பைப் பிடித்து, ஒரு பெருமூச்சு விட்டு, அப்புறம்தான் எழுந்தது.

"அண்ணனுக்கு வயசு நாப்பத்தொண்ணு" என்றான் பெத்துராஜ் ஒரு வாரம் கழித்து, போனில் நேரம் பார்த்துக்கொண்டே. "நெழலு எந்திரிக்க ஒம்பது செகண்டு ஆகுது மதினி. எங்க அப்பாவோட நெழலே ஏழு செகண்டுலதான் எந்திரிக்குது. அவருக்கு எழுவது."

"உன் டீயக் குடிச்சா யானைக்குக்கூட அப்படித்தான் இருக்கும்" என்றாள் ராமுத்தாய். ஆனால் அன்றைக்கு வைண்டிங் மெஷினில் அவள் கை நாலு கோன்களைத் தவறவிட்டது.

பத்தாம் நாள் பர்வீன் வந்தாள். மதுரையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமாகப் பழ ஈக்களை வைத்துக்கொண்டு உயிர்கள் எப்படி மூப்படைகின்றன, எப்போது உண்டு எப்போது உறங்குகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தவள், செவலூரணிச் செய்தி கேட்டதும் ஈக்குழாய்களை எல்லாம் அட்டைப்பெட்டியில் அடுக்கி, பஸ்சில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். பால் சங்கத்து மாடியை வாடகைக்குப் பிடித்து, விடிந்தால் சாக்பீசும் டேப்பும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, நிழல்களைச் சுற்றிக் கோடு போட்டு மணியையும் பெயரையும் எழுதினாள். ஊர் அவளை ஈ டாக்டர் என்றது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஊரே ஓர் ஆராய்ச்சிக்கூடமாகக் காலடியில் விரிந்து கிடக்கிறபோது யாருக்குக் கோபம் வரும்.

வைகாசி மாதம் மில் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். நிழலின் வயது ஐம்பத்தெட்டைத் தாண்டிய தொழிலாளர்கள் ஓய்வு பெற்றவர்களாகக் கருதப்படுவார்கள், ஆடி மாதம் பத்தொன்பதாம் தேதி காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட் மைதானத்தில் பரிசோதனை நடக்கும், ஆள் எழுந்து ஐந்து விநாடிக்குள் நிழல் எழ வேண்டும், எழாவிட்டால் அதற்கு ஐம்பத்தெட்டு தாண்டியதாகக் கணக்கு, இப்படிக்கு ஜெனரல் மேனேஜர் ரகுநந்தன். புது மெஷின்கள் வரப்போகின்றன, ஆள் அதிகம் என்று ஆபீசில் பேச்சு இருந்தது. ஊரில் யாருக்கும் ரகுநந்தனின் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று தெரியாது, அவர் போர்ட்டிகோவில் கார் ஏறிப் போர்ட்டிகோவில் இறங்குகிறவர், ஆபீஸ் கண்ணாடிகளும் கறுப்பு.

தாளைப் படித்துவிட்டு ராமுத்தாய் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பால் சங்கத்து மாடிக்குப் போனாள்.

"வாங்கக்கா. செருப்ப வெளிய விட்டுருங்க, எறும்பு வந்தா ஈயத் தின்னுடும்" என்றாள் பர்வீன்.

"டாக்டரம்மா, நெழலுக்கு வைத்தியம் உண்டா?"

பர்வீன் ரெண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்து மேஜையில் வைத்தாள். "ரெண்டுலயும் ஒரே நாள்ல பொறந்த ஈ. ஒரே தீனி, ஒரே அளவு. இந்தக் குழாய்க்குப் பகல்ல பத்து மணி நேரம் மட்டும் தீனி வப்பேன், அப்புறம் எடுத்துருவேன். அந்தக் குழாய்க்கு எப்பவும் உள்ளயே இருக்கும், நெனச்ச நேரம் திங்கலாம். நாப்பத்தஞ்சு நாள் ஆச்சு. ஈக்கு அது கிழட்டு வயசு." ரெண்டு குழாயையும் ஒன்றாகத் தட்டினாள். ஈக்கள் எல்லாம் அடியில் விழுந்தன. முதல் குழாயில் விழுந்தவை ஒன்றையொன்று முந்திக்கொண்டு கண்ணாடியில் ஏறி மூடியைத் தொட்டன. ரெண்டாவதில் பாதி ஏறியதும் மூச்சு வாங்கின மாதிரி நின்று, வட்டமடித்து, வழுக்கிக் கீழே வந்தன.

மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போகிற குருவையா ஆறாம் படியில் நின்று கைப்பிடியைப் பிடிப்பது ராமுத்தாய்க்கு ஞாபகம் வந்தது.

"தலைக்குள்ள ஒரு கடிகாரம் இருக்குக்கா, அது வெளிச்சத்தப் பாத்து ஓடும். அண்ணன் காலையில வெயில்ல வீட்டுக்கு வர்றாருல்ல, அதனால அது ஓரளவுக்கு சரியாத்தான் ஓடுது. வயிறு, ஈரல் எல்லாத்துலயும் தனியா ஒண்ணொண்ணு இருக்கு, அது சோத்தப் பாத்து ஓடும். அண்ணன் பெரிய சாப்பாடு எப்பச் சாப்பிடுவாரு?"

ராமுத்தாய் சேலைத் தலைப்பைத் திருகினாள். பதினோரு வருஷமாக, ராத்திரி முழுக்க நின்றுகொண்டு அறுந்த நூலைச் சேர்க்கிற மனுஷனாயிற்றே என்று, நாலு அடுக்குக் கேரியரில் சோறு, குழம்பு, பொரியல், வாரம் ரெண்டு நாள் கறி என்று நிறைத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். அதை அவன் விடிய ரெண்டு மணிக்குத் திறப்பான். வீட்டில் அவனுக்குப் பசிப்பதே இல்லை என்று பெருமையாகக்கூடச் சொல்லிக்கொள்வாள்.

"அப்ப அவுக வயித்துக்கு நடு மத்தியானம் வர்றது நான் கட்டிக் குடுக்குற கேரியர்ல" என்றாள்.

"ஆமாக்கா. தலைக்கு ஒரு நேரம், வயித்துக்கு ஒரு நேரம். அதான் இடுப்புல மடியுது. முழு நைட் இருக்குறவரைக்கும் முழுசா நேராகும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா ராத்திரிச் சாப்பாட்ட நிறுத்துனா கொஞ்சம் நிமிரும்."

அன்றைக்கு ராமுத்தாய் கேரியரைக் கவிழ்த்தே வைத்திருந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்குச் சோறு போட்டாள், குருவையா தூக்கக் கலக்கத்தில் அளைந்துவிட்டு எழுந்தான். வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்றான். வலது கை சைக்கிளில் இருந்தது, இடது கை எதற்கோ காத்துக்கொண்டு தொங்கியது.

"இனிமே ராத்திரிக்குக் கெடையாது. டாக்டரம்மா சொல்லிருக்காக."

"ஈக்குச் சொன்னது எனக்கு எதுக்கு?"

"ஈ ஏறுற படிகூட உங்களால ஏற முடியல."

அவன் சைக்கிளில் ஏறி மிதித்தான். கல்யாணமான பதினேழு வருஷத்தில் அவள் தன்னைப் பட்டினியாக அனுப்புவாள் என்று அவன் நினைத்ததில்லை.

ஆனால் அவன் பட்டினி கிடக்கவில்லை. முழு நைட்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ரெண்டு மணிக்கு ஏழு பேர் செய்தித்தாளை விரித்து வட்டமாக உட்கார்ந்து ஏழு கேரியரையும் ஒன்றாகத் திறப்பார்கள், யார் வீட்டுச் சோற்றையும் யாரும் தின்னலாம், கொடுத்ததை வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டுப் பெண்ணையே அவமதித்த மாதிரி. கேரியர் இல்லாமல் ஒருத்தன் வந்து உட்கார்ந்தால் அவன் வீட்டில் சண்டை என்று அர்த்தம். ஆறு பேரும் பரிதாபப்பட்டு ஆறு வீட்டுச் சோற்றையும் குருவையா முன்னால் குவித்தார்கள். மீன் குழம்பு, முட்டை, கருவாடு, ஒருவன் வீட்டு அதிரசம். பத்து நாளில் அவன் நிழல் எழ ஆகிற நேரம் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு விநாடி ஆகிவிட்டது.

"மதினி, நீங்க பட்டினி போட்டதுல அண்ணன் தேறிட்டாரு, நெழலுதான் தேயுது" என்று பெத்துராஜ் சிரித்தான். அவன் கண்ணாடி டப்பாவிலிருந்து ஒரு வர்க்கியை எடுத்து நீட்ட, குருவையா அதையும் வாங்கிக்கொண்டதை அவள் பார்த்தாள். விசாரித்தாள். விஷயம் வெளியே வந்தது.

மறுநாள் வைண்டிங் செக்சனில் டீ நேரத்தில் அவள் மீதி ஆறு வீட்டுப் பெண்களையும் பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டினாள். எல்லார் வீட்டு நிழலும் மடிந்துதான் கிடந்தது, நோட்டீஸையும் எல்லாரும் படித்திருந்தார்கள். ஆனாலும் பாக்கியத்தாய் ஒரே பிடியாக நின்றாள்.

"வெறுங்கையோட அனுப்பச் சொல்றியா? எங்க மாமியா கேட்டா என் தலையில உரலத் தூக்கிப் போடும்."

"நீ நிறுத்துனா உன் வீட்டுக்காரரு என் வீட்டுக்காரரு சோத்தத் திம்பாரு, நான் நிறுத்துனா என் வீட்டுக்காரரு உன் சோத்தத் திம்பாரு" என்றாள் இன்னொருத்தி. "வேலைக்காகாது."

"யாரும் கேரியர நிறுத்த வேண்டாம்" என்றாள் ராமுத்தாய். "ஏழு கேரியரும் போகட்டும். உள்ள மோர். நாலு அடுக்குலயும் மோர். கறிவேப்பில கிள்ளிப்போட்டு, இஞ்சி தட்டிப்போட்டு. சோத்த அந்தியில போடுவோம், ஏழு வீட்டுலயும் ஒரே நேரம், ஆறு மணிக்கு."

பாக்கியத்தாய் விரல் மடக்கி அடுக்குகளை எண்ணினாள். "மேல் அடுக்குல மட்டும் ஒரு ஊறுகா வைக்கவா?"

"அதுவும் கெடையாது, போ."

அன்று ரெண்டு மணிக்கு ஏழு பேரும் ஏழு கேரியரையும் திறந்து, இருபத்தெட்டு அடுக்கு மோரைப் பார்த்து, முதலில் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்து, அப்புறம் ரிங் பிரேம் சத்தத்தையும் மீறிச் சிரித்தார்கள் என்று காலையில் சாவியை வாங்கும்போது குருவையாவே சொன்னான். "இன்னொருத்தன் வீட்டு மோரும் நல்லாத்தான் இருக்கு" என்றும் சொன்னான். கோபம் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு செவலூரணியின் கிழக்குத் தெருவில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏழு அடுப்புகள் ஒன்றாக எரிந்தன, ஐந்தரைக்கு ஏழு தாளிப்புகள் ஒன்றாக வெடித்தன, அந்த மணம் ஜன்னல் வழியாகப் போய், சாக்குத் திரைக்குப் பின்னால் தூங்குகிற ஏழு ஆண்களையும் மூக்கைப் பிடித்து எழுப்பிக் கொண்டுவந்து தட்டின் முன்னால் உட்காரவைத்தது. முதல் வாரம் கையால் அளைந்தார்கள், ரெண்டாம் வாரம் பாதி தின்றார்கள், மூன்றாம் வாரம் ரசம் இல்லையா என்று கேட்டார்கள். மகள் கனிமலர், பத்தாம் வகுப்பு, தன் அப்பா சோறு தின்று நேரில் பார்த்ததே இல்லை என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. "அப்பா, நீங்களும் என்னைய மாதிரி அப்பளத்தக் கடைசிலதான் திம்பீகளா?" என்று அதிசயமாகக் கேட்டாள்.

நிழல் பதினொன்றுக்கு வந்தது, ஒன்பதுக்கு வந்தது, எட்டுக்கு, ஆறரைக்கு. மடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்தது, இஸ்திரி போட்டும் போகாத ஒரு கோடு மட்டும் இடுப்பில் மிச்சம். பர்வீன் தினமும் சாக்பீசோடு வந்து குனிந்து பார்த்து நோட்டில் எழுதி, "நல்லா வருதுக்கா" என்பாள். ஆனால் ஆடிப்பெருக்கு அன்றைக்கு, பரிசோதனைக்கு முந்தின நாள், பெத்துராஜின் போன் ஐந்தரை என்றது, ரெண்டாம் தடவையும் ஐந்தரை, மூன்றாம் தடவையும் ஐந்தரை.

"அரை செகண்டு" என்றான் குருவையா.

"அரை செகண்டுக்கு ஒரு ராத்திரி இருக்கு" என்றாள் ராமுத்தாய். அன்று தேங்காய்ச் சாதமும் எலுமிச்சைச் சாதமும் கிளறி, ஆறு மணிக்கு அவனுக்குப் போட்டுவிட்டு, தானும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். ருசி தெரியவில்லை.

மறுநாள் காலை மைதானத்தில் ஒரு ஸ்டூல், அதன் பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு மில் டாக்டர், எதிரே ஷாமியானா, அதற்குள் குஷன் நாற்காலியில் ரகுநந்தன். சங்கு ஊதியது. பகல் ஷிப்ட்காரர்கள் உள்ளே போகாமல் நின்றார்கள், முழு நைட்காரர்கள் வரிசையாக வந்தார்கள். பாக்கியத்தாயின் வீட்டுக்காரர் நாலு, அடுத்தவர் நாலரை, அடுத்தவர் நாலு. ஏழாவதாகக் குருவையா உட்கார்ந்தான், எழுந்தான். ராமுத்தாய் வீட்டுச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். நிழல் முழங்காலைப் பிடித்தது, இடுப்பைப் பிடிக்கப் போய் விட்டுவிட்டது, எழுந்து நின்றது.

"அஞ்சு" என்றார் டாக்டர். வாட்சைக் கண்ணருகே கொண்டுபோனார். "சரியா அஞ்சு சார். அஞ்சுக்குள்ளன்னா அஞ்சும் சேருமா, சேராதா?"

கூட்டம் ரெண்டாகப் பிரிந்து பேசத் தொடங்கியது. சேரும் என்றான் பெத்துராஜ், சேராது என்றான் டைம் ஆபீஸ் கிளார்க், பூசாரி நடுவில் புகுந்தார். ரகுநந்தன் வாட்சைத் தானே பார்க்கிறேன் என்று எழுந்தார். ஷாமியானா மேலேதான் இருந்தது, ஆனால் காலை வெயில் சாய்வாக உள்ளே புகுந்து நாற்காலி வரைக்கும் வந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவர் ஸ்டூல் வரைக்கும் பதினெட்டு அடி நடந்து வந்து, வாட்சை வாங்கிப் பார்த்து, திரும்பினார்.

அவருடைய நிழல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது. தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. கையை மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் ஸ்டாப்வாட்சின் பித்தானை அமுக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். எல்லாரும் மரியாதையாக வேப்பமரத்தைப் பார்த்தார்கள். முப்பது ஆயிற்று, நாற்பது ஆயிற்று, நிழல் அசையவில்லை. ரகுநந்தன் நிழலில்லாத தன் காலடியைப் பார்த்துக்கொண்டு, பஸ்சில் பையைத் தொலைத்தவர் மாதிரி நின்றார்.

ராமுத்தாய்க்கு அந்த நிமிஷத்தில் நோட்டீஸ் மறந்துபோயிற்று. அவளுக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"சார், ராத்திரி எத்தன மணிக்குச் சாப்பிடுறீக?"

அவர் வாட்சை டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தார். "வீட்டுக்குப் போகவே பன்னெண்டாயிடும்மா. ஒரு மணி ஆகும். சில நாள் ரெண்டு."

"பாவம்" என்றாள் ராமுத்தாய், மனசார. பக்கத்தில் நின்ற பாக்கியத்தாயும் உச்சுக்கொட்டினாள்.

ஐந்தும் சேரும் என்று எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் ஆபீசுக்குப் போய்விட்டார். மத்தியானத்துக்குள் நோட்டீஸ் போர்டில் அந்தத் தாள் இல்லை, நாலு குண்டூசி மட்டும் இருந்தது. வாட்ச்மேன் நாற்காலியை எடுக்கப் போனபோது நிழல் இன்னும் தூங்கிக்கொண்டிருந்ததால், எழுப்ப மனமில்லாமல் நாற்காலியோடு சேர்த்து அலுங்காமல் தூக்கி ஆபீசுக்குள் கொண்டுபோய் வைத்தான் என்று சொல்வார்கள். மறுநாள் பால் சங்கத்து மாடிப்படியில் கறுப்பு ஷூ ஒரு ஜோடி கிடந்ததைச் சங்கிலி பார்த்தான். எறும்பு வரும் என்று பர்வீன் வெளியே விடச் சொல்லியிருப்பாள்.

குருவையா இன்னும் முழு நைட்தான். சாவி இன்னும் கேட்டில்தான் கை மாறுகிறது, கேரியரில் இன்னும் மோர்தான். நிழலில் அந்தக் கோடும் போகவில்லை. ஆனால் புரட்டாசியில் ஒரு சாயங்காலம் ராமுத்தாய் சோறு வடித்துக்கொண்டிருந்தாள், ஜன்னல் வழியாகச் சாய்ந்த வெயில் அடுப்படி வரைக்கும் வந்திருந்தது, மணி ஆறாகப் பத்து நிமிஷம் இருந்தது. உள்ளறைப் பாயில் குருவையா இன்னும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவன் நிழல் மட்டும் மெதுவாக எழுந்து, இடுப்பைப் பிடிக்காமல், நிலைப்படி தாண்டி வந்து, தட்டு போடுகிற இடத்தில் அவள் நிழலுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

அவள் அதைப் பார்த்தாள். "இருங்க, இன்னும் ரசம் கொதிக்கல" என்றாள்.